பதினோரு அங்குலம்

தூண்டில் பெட்டிக்குள் துப்பாக்கி இருந்தால் எந்த மருமகளுக்குச் சோறு இறங்கும்? யசோதினிக்கு மூன்று நாளாக இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒழுக்குப் பார்க்க வந்த கூரை வேலைக்காரன், சீலிங் பலகை இரண்டைக் கழற்றி நீளமான மரப்பெட்டி ஒன்றை இறக்கி வைத்துவிட்டுப் போனான். "அது துரையோட தூண்டில் பெட்டிப்பா" என்று மாமனார் மாரிசாமி அவனிடம் சொன்னார். அவர் இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிவரும் கதை அது. நமுனுகுல மலைக்குக் கீழே வெள்ளைப்பாறைத் தோட்டத்தில் பெரிய பங்களா அப்புவாக இருந்து, துரைக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்டவர் அவர். எழுபத்தைந்தில் வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கிளம்பியபோது தன் தூண்டிலை ஞாபகமாகக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

அன்று மாலை மாமனார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து யசோதினி பெட்டியைத் திறந்தாள். தையல்காரிக்கு ஒரு சின்னப் பூட்டைத் திறக்க ஓர் ஊசி போதாதா? உள்ளே பச்சைத் துணிக்கு மேல் கனத்த குழலோடு ஒரு துப்பாக்கி படுத்திருந்தது. பக்கத்தில் கறுப்பு வட்டங்கள் அச்சடித்த ஓர் அட்டை.

அவள் போட்ட சத்தத்தில் கணவன் ஜீவன் ஓடிவந்தான். பஸ் டிப்போவில் டைம் கீப்பர். பஸ் பிந்தினாலும் பிந்தும், அவன் பிந்தமாட்டான். துப்பாக்கியைக் கண்டான். இடது கையை நீட்டிப் பிடிக்குக் கீழே இருந்த இரும்புக் கம்பியைத் தள்ளினான். மேலே ஒரு வாய் திறந்தது. குனிந்து பார்த்தான்.

"காலி. குண்டு இல்ல" என்றான்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேறெதுவும் அப்போது தோன்றவில்லை.

சமாதான காலம்தான். சண்டை நின்று ஒன்றரை வருஷமாகிறது. சோதனைச் சாவடியை எடுத்த பிறகும் அந்த இடத்தைக் கடக்கும்போது கை தானாக அடையாள அட்டையைத் தேடுகிறது. அப்படிப்பட்ட ஊரில், ஒரு தமிழ்க் குடும்பத்தின் கூரைக்குள் துப்பாக்கி கிடந்தது என்றால் யாருக்கு என்ன விளக்கம் சொல்ல முடியும்?

நல்ல காலமாக இந்த மாதம் ஒரு வழி திறந்திருந்தது. உரிமம் இல்லாத துப்பாக்கிகளைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வதாக அறிவித்திருந்தார்கள். யசோதினியிடம் சட்டை தைக்கக் கொடுக்கும் குணமணி அக்கா மாவட்டச் செயலகமான கச்சேரியில் வேலை பார்ப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர். யாரோ சொந்தக்காரர் வீட்டு விஷயம் என்று யசோதினி அளந்த கதையை அவர் நம்பினாரோ இல்லையோ, படிவம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமையோட தவணை முடியுது பிள்ளை. என்ன வகைத் துவக்கு எண்டு எழுதாட்டி எடுக்கமாட்டினம். வேட்டைத் துவக்கெண்டால் ஒரு கையெழுத்தோட அலுவல் முடியும். ஆமிக்காரற்ற சாமானெண்டால் கதை வேற. பிறகு ஆரார் வருவினமோ எனக்குத் தெரியாது."

ஆக, அது வேட்டைத் துப்பாக்கியா, ராணுவத் துப்பாக்கியா என்று தெரிந்தாக வேண்டும். வீட்டைக் காப்பாற்ற அது ஒரு காரணம்.

யசோதினிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுடைய அப்பா தம்பையா, அதே வெள்ளைப்பாறைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எழுபத்திரண்டாம் வருஷம், பங்களாவுக்குப் பின்னாலுள்ள மலையில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே செத்துக் கிடந்தார். காதுக்குப் பின்னால் பென்சில் முனை அளவுக்கு ஒரு பொத்தல். பொலிஸ் வந்தது, தொழிற்சங்கத்து ஆட்கள் நாலு பேரைக் கொண்டுபோனது, பிறகு விட்டது. யார் சுட்டது என்று இன்றுவரை தெரியாது. அப்போது யசோதினிக்கு இரண்டு வயது. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு மொனராகலையில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள், அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

தொண்ணூற்றொன்றில் ஒருநாள் மாரிசாமி பஸ் பிடித்து மொனராகலைக்கு வந்தார். "ஒண்ணும் வேணாங்க. பொண்ண மட்டும் குடுங்க, கண்ணு மாதிரி பாத்துக்கிறேன்" என்றார். சொன்னபடியே பார்த்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கடுஞ்சொல் கிடையாது. பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதம் அவளுக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டவரே அவர்தான்.

அவ்வளவு அன்பு எதற்கு? இந்தக் கேள்வி பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளுக்கு வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வேறு கேள்வியே வரவில்லை.

*

புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு ஜீவன் டிப்போவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

"பேசாம அத ஆத்துல வீசிடலாம்" என்றான்.

"ஆத்துல எந்நேரமும் பொம்பளைங்க துணி துவைக்கிறாங்க. எவ தலையில வீசப்போறீங்க?"

அவன் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பான்.

"கச்சேரியில குடுத்திடலாங்க. இன்னும் ரெண்டு நாளுதான் இருக்கு. இந்தப் பாரத்த நெரப்பணும்" என்று யசோதினி படிவத்தை நீட்டினாள்.

ஜீவன் அதை வாங்கி மேசையில் வைத்து, நின்றபடியே மளமளவென்று எழுதினான். எழுதியதை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தான்.

"என் பேர்ல எழுதியிருக்கேன். அப்பா பேரு வேணாம். வயசான மனுசன், அவர எவனும் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது. என்ன வகைங்கிற இடத்த மட்டும் விட்டிருக்கேன். அத நீ பாத்து எழுதிக்க."

அவளுக்கு மனது இளகிவிட்டது. அப்பாவுக்காகத் தன் தலையைக் கொடுக்கும் மகன்! தான் அந்த அப்பாவைச் சந்தேகப்படுவது தெரிந்தால் இவன் என்ன நினைப்பான்? படிவத்தைப் பிரித்தும் பார்க்காமல், ஆட்களின் அளவு குறிக்கும் தன் கொப்பிக்குள் செருகி வைத்தாள்.

ஏழு மணிக்கு மகள் தயானி பள்ளிக்கூடம் போனாள். பதினொரு வயது. போகும்போதே, "அம்மா, யூனிபோம் கை குட்டையாப் போச்சு. இன்னைக்காவது அளவெடுங்க" என்று கத்திக்கொண்டு போனாள்.

அடுப்படியில் மாரிசாமி போஞ்சிக்காய் அரிந்துகொண்டிருந்தார். பெட்டியைத் திறந்த விஷயம் ஞாயிற்றுக்கிழமையே அவருக்குத் தெரிந்துவிட்டது. இடது கையில் கத்தி. சாப்பிட மட்டும்தான் அவருக்கு வலது கை, மற்ற எல்லாவற்றுக்கும் இடதுதான். தயானியும் இடது கையால் எழுதுவதால் வீட்டில் அதற்கு 'தாத்தா கை' என்று பெயர். ஜீவனுக்கும் அதே கைதானாம், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடித்தே வலது கைக்கு மாற்றிவிட்டாராம்.

"மாமா, அந்தத் துப்பாக்கிய துரை என்னத்துக்கு வச்சிருந்தாரு?"

கத்தி நிற்கவில்லை.

"எனக்கென்னா தாயி தெரியும்? எழுவத்தஞ்சுல போறப்ப பெட்டியக் குடுத்தாரு. வச்சேன். அதத் தொடக்கூட எனக்குத் தெரியாது."

"தூண்டில்னு சொன்னீங்களே?"

"சொல்லாம? துப்பாக்கின்னு சொல்லியிருந்தா நீங்க தூங்குவீங்களா?"

பதில் சரியாகத்தான் இருந்தது. கோழி அறுக்கக்கூட அடுத்த வீட்டு ஆளைக் கூப்பிடுகிற மனிதர். ஆனால் போஞ்சிக்காயைப் பார்த்தே பேசினார், அவளைப் பார்த்துப் பேசவில்லை.

அவர் மார்க்கெட்டுக்குப் போனதும் யசோதினி கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினாள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பதுளைக் கடைவீதியில் நடக்க முடியாது. அதனால் தயானியின் கொப்பியில் இரண்டு தாளைக் கிழித்து, இரும்பில் பதித்திருந்த எழுத்துகளின்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தாள். பிள்ளைகள் சில்லறைக் காசைத் தாளில் பதிப்பதுபோல எழுத்துகள் எழும்பி வந்தன. ஒரு இலக்கம், சில ஆங்கில எழுத்துகள், மூன்று துப்பாக்கிகளைக் கூடாரமாகச் சாய்த்து நிறுத்திய ஒரு முத்திரை.

பிறகு இஞ்ச் டேப்பை எடுத்தாள். குழலின் நீளம், குழலின் சுற்று, விசையிலிருந்து, தோளில் வைக்கும் மரக்கட்டையின் அடித்தகடு வரை. கடைசி அளவு பதினோரு அங்குலம். அடித்தகட்டுக்குப் பக்கத்தில் மரத்தில் ரம்ப வாள் கோணலாக ஓடிய தடம் இருந்தது. அதையும் குறித்துக்கொண்டாள். ஆளை அளக்கும்போது கூனலையும் குறிப்பவள்தானே.

*

கடைவீதியில் மணிக்கூடும் தையல் மெஷினும் பழுது பார்க்கும் கடை ஜௌபர் நானாவுடையது. அவருடைய வாப்பா காலத்தில் தோட்டத்து பங்களாக்களின் மணிக்கூடுகளும் வேட்டைத் துப்பாக்கிகளும் அங்கேதான் வருமாம்.

"வாங்க மகள். திரும்பவும் மெஷின் மக்கர் பண்ணுதா?"

"ஆமாங்க நானா." யசோதினி தாள்களை மேசையில் பரப்பினாள்.

ஜௌபர் நானா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"இந்த முத்திர தையல் மெஷின்ல எங்க ஈக்கி மகள்?"

"தெரிஞ்சவங்க வீட்டுல கெடைச்சிச்சு நானா. கச்சேரியில குடுக்கணும். இது ஆமிக்காரங்க சாமானான்னு தெரிஞ்சா போதும்."

அவர் எழுந்துபோய்க் கடைக் கதவில் ஒரு பலகையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பென்சில் தேய்ப்பில் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"இது பர்மிங்ஹாம்ல செஞ்சது. இது சோதிச்சுப் பாத்ததுக்கு அடிச்ச முத்திர. ஆமிக்காரன்ட சாமான் இல்ல, பயப்புடாதீங்க. இது பந்தயச் சாமான். ஒரு நேரத்துக்கு ஒரு குண்டுதான் போகும், சின்னக் குண்டு. நீங்க எழுதின கனத்துல குழல் போட்டா எவன் தூக்கிக்கிட்டு வேட்டைக்கு நடப்பான்? படுத்துக்கிட்டுக் கடதாசிய சுடச் செஞ்சது."

"கடதாசியா?"

"வட்டம் போட்ட கடதாசி."

யசோதினி பையிலிருந்த அட்டையை எடுத்து வைத்தாள். பத்து வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பொத்தல். ஒன்றுகூட விலகவில்லை. அடியில் வெள்ளைப்பாறைத் துரையின் கையெழுத்து.

ஜௌபர் நானாவுக்குச் சிரிப்பு வந்தது.

"இதேதான். தோட்டத் துரைமாருக்கு ஒரு கிளப் இருந்துச்சு மகள். இங்க சுட்டு, சாட்சி கையெழுத்தும் வச்சு, அட்டைய தபால்ல சீமைக்கு அனுப்புவாங்க. அங்க எண்ணிப் பாத்துப் பரிசு குடுப்பாங்க. வெள்ளப்பாறைத் துரைக்கு ரெண்டு கோப்ப வந்துச்சு. ஆனா அந்தத் துரைட கையப் பாத்திருக்கிங்களா? காலையில தேத்தண்ணிக் கோப்பையப் புடிக்கவே ஆடும். அவ்வளவு குடி."

"அப்ப இதச் சுட்டது யாரு?"

"நாங்க கேக்கல்ல. வேல குடுக்கிறவன்ட வாயக் கிளறக்கூடாதுன்னு வாப்பா சொல்லுவார். ஆனா எழுதி வைப்பார்."

அவர் பெட்டகத்தைத் திறந்து கறுப்பு அட்டை போட்ட புத்தகம் ஒன்றை எடுத்தார். தமிழை அறபு எழுத்தில் எழுதிய புத்தகம். பழுதுக்கு வந்த ஒவ்வொரு துப்பாக்கியின் இலக்கமும், செய்த வேலையும் அதில் இருந்தன. தாளிலிருந்த இலக்கத்தை வைத்துக்கொண்டு விரலால் பக்கம் பக்கமாக இறங்கினார்.

"ஈக்கி. அறுபத்தெட்டு. வெள்ளப்பாறை பங்களா. கட்டையக் குறைச்சுப் பன்னிரண்டரை அங்குலத்துக்கு வைக்கணும். கன்னம் வைக்கிற மேட்ட வலப்பக்கம் மாத்தணும். இந்த வேலைய நான்தான் செஞ்சேன், வாப்பா பக்கத்துல நின்டார்."

"எதுக்கு மாத்தணும்?"

"இடது தோள்ல வச்சுச் சுடுறவனுக்கு. துரை ஆறடி, வலக் கைக்காரன். ஆருக்கோ குட்டையான, இடக் கை ஆளுக்குத்தான் இத செஞ்சோம்." நானா தன் கையை மடக்கிக் காட்டினார். "கட்டைய முழங்கை மடிப்புல வச்சா விரல் விசையில வந்து விழணும். உங்கட சட்டை மாதிரித்தான், ஆளுக்கேத்த அளவு."

போஞ்சிக்காய் அரிந்த இடது கை யசோதினிக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பங்களாவில் குட்டையான, இடது கை ஆள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தொடக்கூடத் தெரியாது என்றாரே மனிதர்!

அட்டையிலிருந்த பொத்தலைப் பார்த்தாள். பென்சில் முனை அளவு. மொனராகலை மாமா வீட்டில் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடமான அளவு.

"நீங்க பதினொண்ணுன்னு எழுதியிருக்கிங்க. தப்பு மகள்" என்றார் நானா.

"நான் அளந்தா தப்பாது நானா. அடியில வாளால அறுத்த தடமும் கோணலா இருக்கு."

"கோணலா?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "என்ட வேலையில கோணல் வராது. அது பொறகு ஆரோ வீட்டு வாளால அறுத்தது. எழுபத்தொண்ணு கலகத்தோட கிளப்ப மூடிட்டாங்க, துரையும் தொடல்ல. பொறகு ஆருக்கு வேணும் இது?" அவர் கொஞ்சம் யோசித்தார். "அது சரி, குண்டு இல்லன்னு பாத்திங்களா? கவனம்."

"பாத்தாச்சு நானா. எங்க வீட்டுக்காரர்தான் கீழ இருக்க கம்பியத் தள்ளிப் பாத்தாரு."

தெரிந்தவர்கள் வீடு என்ற பொய் அந்த இடத்தில் கிழிந்தது. பெரிய மனிதர், அதைக் கவனிக்காதவர்போல இருந்துவிட்டார். வேறொன்றைத்தான் கேட்டார்.

"உங்கட மாப்பிளைக்கு ஆரு சொல்லிக் குடுத்த? இத ஆமிக்காரன்ட கையில குடுத்தாலும் பின்னுக்கு போல்ட்டத் தேடுவான். பழகாத கைக்குத் தெரியாதே."

அது அவள் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. மனது முழுவதும் மாரிசாமி நின்றுகொண்டிருந்தார்.

*

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. மாரிசாமி சோறு போட்டு மூடி வைத்திருந்தார். அவள் தட்டைத் தொடவில்லை.

"மாமா, இங்க வாங்க. ஒரு சட்டை தைக்கலாம்னு இருக்கேன். கையக் காட்டுங்க."

அவர் சந்தோஷமாக வந்து நின்றார். அவள் அவருடைய இடது கையை மடக்கச் சொல்லி, டேப்பை முழங்கை மடிப்பில் வைத்து, சுட்டுவிரலின் முதல் கணு வரை இழுத்தாள். பன்னிரண்டரை.

"சட்டைக்கு வெரல எதுக்குத் தாயி அளக்குற?"

கேட்ட பிறகுதான் அவருக்குப் புரிந்தது. மடக்கிய கையை மெதுவாக இறக்கினார்.

"ஜௌபர் நானா கடையில புத்தகம் இருக்கு மாமா" என்றாள் யசோதினி. "துரைக்குப் பதிலா சுட்டது நீங்க."

மாரிசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சுட்டேன். துரைக்குக் கை நிக்காது. ஒருநா சும்மா சுட்டுப் பாருன்னாரு. எனக்கு வந்துச்சு. அப்புறம் வருசா வருசம் அட்டைய நான் சுடுவேன், அவரு கையெழுத்துப் போடுவாரு. கடதாசி மட்டுந்தான் தாயி. ஒரு காக்கா குருவியச் சுட்டதில்ல."

"அப்ப எங்கப்பா?"

பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. மாரிசாமி தோளிலிருந்த துண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டார். யசோதினிக்கு அவரை உலுக்க வேண்டும்போல் இருந்தது. அந்த இடது கைதானே பத்தியச் சோறு ஆக்கிப் போட்டது!

ஆனால் அவள் தையல்காரி. பொருந்தாத அளவு ஒன்று கையில் இருக்கும்போது துணியை வெட்டமாட்டாள். துப்பாக்கி பதினொன்று. இவர் கை பன்னிரண்டரை. ஒன்றரை அங்குலத்தை அறுத்தது யார்? யாருக்காக அறுத்தது?

அப்போது தயானி புத்தகப் பையோடு உள்ளே வந்தாள்.

"டேப்பு கையில இருக்கு! இப்பவே அளவெடுங்கம்மா" என்று இடது கையை நீட்டிக்கொண்டு முன்னால் நின்றாள்.

யசோதினி அந்தக் கையைப் பார்த்தாள். அதை மடக்கினாள். முழங்கை மடிப்பில் டேப்பை வைத்தாள். அவள் விரல்கள் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகின்றன என்று அவளுக்கே தெரியவில்லை. சுட்டுவிரலின் முதல் கணுவில் டேப்பைப் பிடித்து இலக்கத்தைப் படித்தாள்.

பதினொன்று.

"தயானி, போய் முகம் கழுவு" என்றாள். பிள்ளை முணுமுணுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

மாரிசாமி அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு.

"அவனுக்கு அப்ப பதினோரு வயசு தாயி" என்றார்.

அவர் சொல்வது ஜீவனை என்று புரிந்து யசோதினி டேப்பைக் கீழே வைத்தாள்.

"கிளப்ப மூடின பொறகு துப்பாக்கி பங்களா ஸ்டோர்ல கெடந்துச்சு. அவன் கேட்டுக்கிட்டே இருந்தான். நான்தான் அடுப்படி வாளால கட்டைய அறுத்துக் குடுத்தேன். எனக்கு ஒரு பெருமை, எம்புள்ளைக்கும் எங்கையி வந்திருக்கேன்னு. அட்டைய மரத்துல குத்திச் சுடப் பழக்கினேன். நான் இல்லாம தொடக்கூடாதுன்னு சொன்னேன். ஒருநா பொழுது சாயற நேரம், பங்களா மரக்கறித் தோட்டத்துக்குப் பன்னி எறங்குதுன்னு இவன் தனியாத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். தேயிலைக்குள்ள ஏதோ அசைஞ்சிருக்கு. ஓடியாந்து, பன்னியச் சுட்டுட்டேன்பான்னு குதிச்சான். நான் போய்ப் பாத்தேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"பன்னி தப்பிச்சு ஓடிருச்சுடான்னு அவங்கிட்டச் சொல்லிட்டேன். புள்ளையப் புடிச்சுக் குடுக்க முடியல தாயி. விடிஞ்சு, பேர் கூப்பிடுற பெரட்டுக்கு முந்தி ஆளுங்க உங்கப்பாவக் கண்டெடுத்தாங்க. ரெண்டையும் அவன் முடிச்சுப் போடல, சின்னப் பையன். இன்னைக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது. இந்தப் பாவம் என்னோட போகட்டும். அவங்கிட்டச் சொல்லிடாத தாயி, உங்கால்ல விழறேன்."

"அதுக்குத்தான் என்னையப் பொண்ணெடுத்தீங்களா?"

"நீ அநாதையா வளர்றேன்னு கேள்விப்பட்டேன். எனக்குச் சோறு எறங்கல."

யசோதினிக்குக் கோபம் வந்தது. பெரிய கோபம். தன் கல்யாணம், தன் வீடு, தன்மீது காட்டிய அன்பு எல்லாமே ஒரு கிழவரின் மனச்சாட்சிக்குப் போட்ட மருந்தா? அந்தக் கோபத்துக்குள்ளேயே ஜீவனுக்காக ஒரு துக்கமும் வந்தது, அதுதான் அவளை இன்னும் வதைத்தது. பாவம், அவனுக்குத் தெரியாது. சுட்ட பன்றி ஓடிவிட்டதாக நினைத்துக்கொண்டே நாற்பத்திரண்டு வயதுக்கு வந்துவிட்டான். இதைச் சொல்வதா, மறைப்பதா? மறைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் எப்படிப் படுப்பது?

இப்போதுதான் ஜௌபர் நானா கேட்டது மனதில் விழுந்தது. பழகாத கைக்குத் தெரியாதே. ஞாயிற்றுக்கிழமை அந்த இடது கை ஒரு கணமும் தயங்கவில்லை. மூன்று நாளாக அந்தத் துப்பாக்கியைப் பற்றி ஜீவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துரை எதற்குக் கொடுத்தார், எப்போது கொடுத்தார், ஒன்றுமே. ஆற்றில் வீசலாம் என்று மட்டும்தான் சொன்னான்.

மணி இரண்டே முக்கால் ஆகப்போகிறது. ஜீவனின் வேலை முடிந்து அவன் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம்.

அவள் அளவுக் கொப்பியைத் திறந்து படிவத்தை எடுத்தாள். காலையிலிருந்து நாலாக மடித்தபடியே இருந்தது. பிரித்தாள்.

பெயர்: மாரிசாமி ஜீவன். வகை: வெற்றிடம். இலக்கம்: வெற்றிடம்.

அதற்குக் கீழே, 'எந்த ஆண்டிலிருந்து உங்கள் வசம் உள்ளது?' என்று ஒரு கேள்வி. எழுபத்தைந்து என்றுதான் மாரிசாமி இருபத்தெட்டு வருஷமாக எல்லோருக்கும் சொல்லி வந்திருந்தார்.

ஜீவனின் கையெழுத்து எப்போதும்போலத் தெளிவாக இருந்தது. 1972. அவளுடைய அப்பா செத்த வருஷம்.

அதற்கும் கீழே, 'எவ்வாறு உங்கள் வசம் வந்தது?' என்ற இடத்தில் ஏதோ எழுதி, தாள் கிழியும் அளவுக்கு அடித்திருந்தான். படிக்க முடியவில்லை. யசோதினி தாளைத் திருப்பி, பின்புறத்தில் விரலால் தடவிப் பார்த்தாள். எழுத்துகள் அழுந்தி, பின்பக்கம் புடைத்திருந்தன. பென்சிலால் தேய்த்தால் எழும்பி வரும்.

மேசையில் காலையில் வைத்த பென்சில் கிடந்தது. அவள் அதை எடுத்தாள்.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. மாரிசாமி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேண்டாம் என்று அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். யசோதினி பென்சிலைக் கீழே வைக்கவில்லை.